இறங்கி வராத லேப்டாப்

மானிட்டரின் பெரிய திரையில் படம் வந்தால் புது லேப்டாப்பில் வேலை, வராவிட்டால் பழைய கம்ப்யூட்டரே போதும் என்று சொல்லிவிட்டாள் தேன்மொழி. லேப்டாப் அதைக் காதிலேயே வாங்கவில்லை. கேபிளை மாட்டியதும் தன் மிகப் பெரிய ஃபோர்-கே படத்தை முழுசாக அள்ளி விட்டது.

கிழட்டு மானிட்டர் திணறிப்போய்க் கறுத்தது. “தம்பி, என் கண்ணுக்கு இவ்வளவு தாங்காது. கொஞ்சம் சின்னதா அனுப்பேன்.”

“நானா? சின்னதாவா? நீங்க வேணா கண்ணாடி போடுங்க தாத்தா.”

“அண்ணே, இறங்கி வாங்க. வேலை போயிடும்,” என்றது இரண்டையும் இணைத்து நடுவில் தொங்கிய அடாப்டர்.

“ஒட்டுப் பயலே, வாயை மூடு.”

தேன்மொழி பொறுத்துப் பார்த்துவிட்டுப் பழைய கம்ப்யூட்டரை மாட்டினாள். படம் பளிச்சென்று வந்தது. ஆனால் திரை தாழ்வாக இருந்ததால் கழுத்து வலித்தது. லேப்டாப்பை மூடி, மானிட்டருக்கு அடியில் முட்டுக்கொடுத்தாள்.

உயரம் கச்சிதமாக இருந்தது.

“தம்பி,” என்றது மேலேயிருந்து மானிட்டர், “ரொம்பக் கனக்கிறேனா?”