ஈரத்துணி

முதல் கியரிலேயே ஓட்டுகிறார்.

கல்யாண மண்டபத்தின் மாடி அறையில், ஜன்னலோரம், பட்டுப்புடவையும் பூச்சடையுமாக உட்கார்ந்திருந்தவளுக்கு அது காதிலேயே தெரிந்தது. பிள்ளையார் கோயிலிலிருந்து மாப்பிள்ளை அழைப்பு புறப்பட்டாயிற்று. முன்னால் நாதஸ்வரம், தவில். பின்னால், ஆமை வேகத்தில், அந்தத் திறந்த கார். ஸ்டியரிங்கில் அப்பா. பின்சீட்டில் மாலையோடு மாப்பிள்ளை.

அழைப்புக் காரில் பெண் ஏறக் கூடாது. அவன் வந்து சேரும்வரை அறையை விட்டு வெளியே வரவும் கூடாது.

முறையாம்.

ஏழு வருஷம். அத்தனை ஞாயிற்றுக்கிழமைகளும் அந்தக் காருக்குத்தான் போயின. மூடிக்கிடந்த அரிசி ஆலைக் கொட்டகையில், கோழி அடைகாத்துக்கொண்டிருந்த வண்டி அது. மடக்குகிற கூரையில் துணி இல்லை, துருப்பிடித்த கம்பிகள்தான் மிச்சம். அதை வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு அம்மா ஒரு வாரம் அப்பாவோடு பேசவில்லை.

முதல் வருஷம் அப்பா வண்டிக்கு அடியில் படுத்தார், அவள் ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தாள். மூன்றாம் வருஷம் அவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. அதன்பிறகு அடியில் படுத்தவள் அவள், எடுத்துக் கொடுத்தவர் அவர். இஞ்சினை இரண்டு முறை இறக்கி ஏற்றினாள். கூரைத் துணியை அம்மாவின் தையல் மிஷினில் தைத்து ஒன்பது ஊசி உடைத்தாள்.

"ரோட்டுல மொதல்ல நீதான் ஓட்டணும் பாப்பா," என்பார் அப்பா. "கூரைய மடக்கிவிட்டுட்டு, நேரா ராமேஸ்வரம்."

நம்பினாள். அதுதான் அவள் செய்த தப்பு.

வண்டியின் பேப்பர்கள் சரியான வாரமே பெண் பார்க்க வந்துவிட்டார்கள். அப்புறம், நிச்சயமான பெண் ரோட்டில் கார் ஓட்டிக்கொண்டு போனால் நாலு பேர் என்ன சொல்வார்கள் என்றானது. காம்பவுண்டுக்குள் சுற்றிச் சுற்றி ஓட்டியதோடு சரி. இன்றுதான் வண்டி முதன்முதலாகத் தெருவைப் பார்க்கிறது. அவள் இல்லாமல்.

பெண் பார்க்க வந்தவர்கள் பெண்ணைவிடக் காரைத்தான் அதிக நேரம் பார்த்தார்கள். யார் செய்த வேலை என்று மாப்பிள்ளை கேட்டான். காபித் தட்டோடு அவள் அங்கேதான் நின்றாள்.

"எல்லாம் என் கை வேலைதான் தம்பி," என்றார் அப்பா. "இவ டீ கொண்டாந்து குடுப்பா."

சம்பந்தம் கெட்டுவிடக் கூடாதென்று சொல்கிறார் என்று அன்றைக்கு மனசை ஆற்றிக்கொண்டாள். நிச்சயதார்த்தத்தன்று வெற்றிலைத் தட்டில் கார் சாவியை வைத்து மாப்பிள்ளையிடம் நீட்டினார். அப்போதும் அதையே சொன்னார். மைக்கில் சொன்னார். கூடமே கை தட்டியது.

அவளுடைய நகக்கண்ணில் இன்னும் கறுப்பு இருந்தது. மூன்று நாள் புளியும் மண்ணெண்ணெயும் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. விரல் நுனி முழுக்க மருதாணியை அப்பி மறைத்துவிட்டுப் போனாள் அலங்காரம் செய்ய வந்த பெண்.

இந்த வண்டிக்கு ஒரு குணம் உண்டு. மெதுவாக ஓட்டினால் சூடேறும். சூடேறினால் பெட்ரோல் பம்பு மக்கர் பண்ணும். காம்பவுண்டுக்குள் சுற்றும்போது அவள் கண்டுபிடித்தது. வைத்தியம் சுலபம். பம்பின் மேல் ஓர் ஈரத்துணி, பத்து நிமிஷம் பொறுமை. அதற்கென்றே தன் பழைய பாவாடையைக் கிழித்து மடித்து டிக்கியில் வைத்திருந்தாள். அப்பாவிடம் சொல்லியும் இருக்கிறாள். அவர் அப்போது டீ குடித்துக்கொண்டிருந்தார்.

இஞ்சின் இருமியது. மறுபடியும் இருமியது.

நின்றுவிட்டது.

நாதஸ்வரம் கொஞ்ச தூரம் தனியாகப் போய், பிறகு அதுவும் நின்றது.

பக்கத்தில் இருந்த அம்மாவின் செல்போன் அடித்தது. அம்மா எடுத்துக் கேட்டாள். அதை அவள் காதில் வைத்தாள்.

"பாப்பா." பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கேட்டுவிடக் கூடாதென்று அப்பா குரலைத் தாழ்த்தியிருந்தார். "வண்டி நின்னுபோச்சு. என்ன பண்ணணும்?"

நாக்கு நுனிவரை வந்தது. டிக்கி. துணி. ஒரு சொம்பு தண்ணீர்.

"எனக்கென்னப்பா தெரியும்," என்றாள். "நான் டீ கொண்டாந்து குடுத்தவதானே."

அப்பா போனை வைத்துவிட்டார்.

கால் மணி நேரம் கழித்துக் கார் தெருவுக்குள் திரும்பியது. சத்தமில்லாமல்.

ஸ்டியரிங்கில் இப்போது மாப்பிள்ளை உட்கார்ந்திருந்தான். பின்னால் நாலு பேர் தள்ளிக்கொண்டு வந்தார்கள். அதில் ஒருவர் அப்பா. பட்டுவேட்டியை மடித்துக் கட்டி, ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் தள்ளினார்.

பார்க்க அவளுக்கு வலித்தது. சந்தோஷமாகவும் இருந்தது. அந்தச் சந்தோஷம்தான் அதிகம் வலித்தது.

மண்டப வாசலில் மாப்பிள்ளை சும்மா சாவியைத் திருப்பிப் பார்த்தான். அதற்குள் பம்பு ஆறியிருந்தது. ஒரே திருப்பில் இஞ்சின் பிடித்துக்கொண்டது.

"மாப்ளைக்கு நல்ல கைராசி," என்றார் யாரோ. கூட்டம் கை தட்டியது.

அப்பா தட்டவில்லை. நடுத்தெருவில் மெல்ல நிமிர்ந்தார். மாடி ஜன்னலை அண்ணாந்து பார்த்தார்.

அவள் முகத்தை விலக்கிக்கொள்ளவில்லை.

மருதாணிக் கைகளை உயரத் தூக்கி, அவருக்குத் தெரியும்படி, நிதானமாகத் தட்டினாள்.