காலை ஆறு பத்துக்கு வருபவர்

“ஒரே ஒரு ஆளுக்காகவா மேடம் இத்தனை மெஷினும் ஓடுது?”

நிர்வாக அதிகாரி கதவருகில் நின்றபடியே கேட்டார். கையில் ஒரு பழுப்பு உறை. அதற்குள் இருப்பது மெஷின்களை நிறுத்தச் சொல்லும் உத்தரவு என்று அவளுக்குத் தெரியும். இந்த மாதிரி உத்தரவெல்லாம் வழக்கமாக மெயிலில் வந்து சேரும். இவர் ஏன் மெனக்கெட்டு நேரில் வந்தார் என்பதுதான் அவளுக்குப் புரியவில்லை.

“உள்ள வந்து உட்காருங்க சார். இந்த ஃபேன் சத்தத்துல அங்கருந்து பேசினா ஒண்ணும் காதுல விழாது.”

அந்த அறைக்குள் ஒரு பிரபஞ்சம் இருந்தது. கம்ப்யூட்டர் கணக்குப் போட்டு உண்டாக்கிய பொய்ப் பிரபஞ்சம். அதில் கோடிக்கணக்கான கேலக்ஸிகள். நிஜ வானத்தைப் பார்க்கிற விஞ்ஞானிகள் தாங்கள் கண்டதை இதோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். அவர்களில் யார் வேண்டுமானாலும் இணையத்தில் எடுத்துக்கொள்ளும்படி அதைச் சீராக அடுக்கி வைக்க அவளுக்கு ஏழு வருடம் பிடித்தது. ஆபீசில் அவளுக்குப் பெயரே ‘பிரபஞ்சம் அக்கா’தான். அவள் லீவு போட்டால், “இன்னிக்குப் படைப்புத் தொழில் கிடையாது” என்று கிண்டல் செய்வார்கள்.

“போன வருஷம் வரைக்கும் நானூறு பேர் வந்துட்டிருந்தாங்க சார். வேற இடத்துல புதுசா இன்னும் பெரிசா ஒண்ணு வந்ததும் எல்லாரும் அங்க போயிட்டாங்க. இவர் மட்டும் போகல.”

“தினமும் வர்றாரா?”

“காலையில ஆறு பத்துக்கு. ஒரு நிமிஷம் முன்னபின்ன ஆகாது. ஞாயிறு, லீவு நாள் எதுவும் கிடையாது. ஒரு பெட்டி எடுப்பார், போயிடுவார்.”

“பெட்டின்னா?”

“பிரபஞ்சத்தோட ஒரு துண்டு சார். அதுவே அவர் கேட்டதுதான். மொதல்ல எல்லாத்தையும் மொத்தமாத்தான் வச்சிருந்தேன். பெரிய பெரிய நிறுவனங்களாலதான் எடுக்க முடிஞ்சுது. அப்பத்தான் இவர் ஒரு லெட்டர் போட்டார்.”

இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினாள். அதிகாரி வாங்கிப் படித்தார்.

‘நான் வீட்டிலிருந்து வேலை செய்கிறவன். என் இணைப்பு மெதுவானது. மலையை அப்படியே தூக்கிக் கொடுத்தால் எங்கே வைப்பேன்? சின்னச் சின்னதாக நறுக்கிக் கொடுங்கள். தினம் ஒன்றாக எடுத்துக்கொள்கிறேன். முடிகிறவரை மூடிவிடாதீர்கள்.’

அதிகாரி அதை இரண்டாவது தடவையும் படித்தார்.

“ஆயிரம் பெட்டியா வெட்டி வச்சேன் சார். இன்னிக்குக் காலையில எண்ணூத்திப் பன்னிரண்டாவது எடுத்தார்.”

“அப்புறம் எதுவும் எழுதலையா?”

“ஆரம்பத்துல ஒரு தடவை நன்றி சொன்னார். அதோட சரி. நானா எழுதினாலும் பதில் வராது. போன வருஷம் மெஷின் படுத்து மூணு நாள் ஓடல. மத்தவங்கல்லாம் திட்டித் தீர்த்தாங்க. இவர் ஒரு வார்த்தை கேக்கல. நாலாவது நாள் அதே ஆறு பத்துக்கு, விட்ட இடத்துலருந்து எடுத்தார். அவ்வளவு பொறுமை.”

அவள் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள்.

“நான் எனக்காகக் கெஞ்சல சார். என்னை எந்த செக்‌ஷனுக்கு வேணா மாத்துங்க. ஒரு மனுஷன் தினம் தினம் நம்பி இவ்வளவு தூரம் வந்துட்டார். கடைசி நேரத்துல கழுத்தறுக்கக் கூடாது.”

அதிகாரி உறையைப் பிரித்தார். நாளை காலை மெஷின்களைக் கழற்றிவிட வேண்டும் என்றிருந்தது உத்தரவில். தேதியின் மேல் விரலை வைத்தார்.

“இன்னும் நூத்தி எண்பத்தெட்டு நாள். இல்லையா?”

“ஆமா சார்.”

பேனாவை எடுத்துத் தேதியை அடித்தார். புதுத் தேதி எழுதி, பக்கத்தில் கையெழுத்தும் போட்டார்.

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. “ரொம்ப நன்றி சார். ஆராய்ச்சி முடிஞ்சதும் அவரே உங்களுக்கு எழுதுவார் பாருங்க.”

அவர் லெட்டரை ஓரம் கசங்காமல் மடித்தார்.

“இதை நான் எடுத்துக்கட்டுமா?”

“எதுக்கு சார்?”

“அம்மாகிட்ட காட்டணும். போன வாரம் இதை எடுக்கிறவங்க பட்டியல்ல எங்க அண்ணன் பேரைப் பார்த்தேன். அதான் நேர்ல வந்தேன்” என்றவர் எழுந்துகொண்டார்.

“அண்ணன் தவறிப்போய் ரெண்டு வருஷம் ஆச்சு மேடம். அவன் ரூம்ல இருக்கிற கம்ப்யூட்டரை மட்டும் யாரையும் தொட விடமாட்டாங்க அம்மா. தினமும் ஆறு பத்துக்கு அது தானா ஓட ஆரம்பிக்கும். அந்தச் சத்தம் கேட்டதும், ‘எந்திரிச்சுட்டான்’னு சொல்லிக்கிட்டே பாலை அடுப்புல வைப்பாங்க.”