அகலமான ஹப்

பாப்பாரப்பட்டிப் பண்டிகைப் பந்தலுக்குப் பின்னால், மாலை வெயிலில், இன்னாசி ஒற்றைச்சக்கர சைக்கிளைக் கிடத்தி வைத்திருக்கிறான். சக்கரத்தின் நடுவில் மாட்டிய புதிய ஹப், அதைத் தாங்கும் இரு கால் பழைய ஃபோர்க்கைவிட அகலம். அளக்காமல் வாங்கிவந்தவன் அவன்தான். யாரிடமும் சொல்லாமல் ஃபோர்க்கின் கால்களைக் கம்பியால் நெம்பி விரிக்கிறான். சக்கரம் உட்காருகிறது, ஃபோர்க்கின் மேலே வெல்டிங்கில் மயிரிழையாய் ஒரு விரிசல் திறக்கிறது. ஆள் ஏறினால் முறிந்துவிடும். கட்டைவிரலால் அதைப் பொத்திக்கொள்கிறான். இதில் ஏறி வித்தை காட்டப்போகும் அவன் மனைவி எழிலரசி பவுடர் பூசிய முகத்தோடு வருகிறாள். “ஆச்சுங்களா? மேளம் ஆரம்பிச்சிட்டாங்க.” “ம்.” “எம் மாமன் கை பட்டா எதுவும் சரியாயிரும்!” சிரித்தபடி சீட்டைப் பிடித்து இழுக்கிறாள். வரவில்லை. “வுடுங்க. நீங்களா ஏறப்போறீங்க?” க்ரீஸ் அப்பிய கட்டைவிரல் விரிசலின் மேல் இன்னும் அழுந்துகிறது. அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை, பிடியையும் விடவில்லை.