கட் சொல்லும் வரை

"கட் சொல்ற வரைக்கும் நீங்க டொக்டர்தான், தம்பி. யாரு என்ன கேட்டாலும் வேஷத்த விட்டு வெளிய வரக் கூடாது. வந்தீங்கன்னா வேற ஆளப் போட்டுருவேன்" என்றார் டைரக்டர் யோகேந்திரன்.

சசிக்குமார் வெள்ளைக் கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டான். இரத்தோட்டைக்காரன். கொழும்புக்கு அலையாய் அலைந்து, டெலி நாடகங்களில் பிணமாகக் கிடந்தவன். வாயைத் திறந்து பேசும் வேஷம் இதுதான் முதல். இதையும் விட்டால் தேயிலைத் தோட்டத்தில் கவ்வாத்து வெட்டத்தான் போக வேண்டும்.

"கெமரா எங்க சேர்?"

"மிளகுக் கொடிக்குள்ள ஒளிச்சு வெச்சிருக்கு. புது மாதிரிப் படம். நடிக்கிறது தெரியக் கூடாது."

மாத்தளையில் ஒரு வாசனைத் திரவியத் தோட்டம்தான் லொக்கேஷன். சக நடிகர்கள் வேனில் வந்து இறங்கினார்கள். சசி கறுவாவையும் ஏலக்காயையும் காட்டி, மனப்பாடம் செய்த வசனத்தைப் பேசினான். மேக்கப் இல்லை, ரீடேக் இல்லை. போகும்போது எல்லாரும் வாசல் கடையில் மூலிகைச் சாறு போத்தல் வாங்கிக்கொண்டு போனார்கள். அது எந்தக் காட்சிக்கு என்றுதான் அவனுக்குப் பிடிபடவில்லை.

அன்று நிரோஜா என்ற பெண் கணவனோடு ஒரு வேனில் வந்தாள்.

"டொக்டர், எனக்கு சின்ன வயசிலேருந்து சீனி வருத்தம். இன்சுலின் ஊசி போட்டுப் போட்டு வெறுத்துப் போச்சு. இந்தச் சாறக் குடிச்சா ஊசிய நிப்பாட்டலாமா?"

அவள் கண் கலங்கியது. என்ன நடிப்பு! சசிக்குப் பொறாமையாக இருந்தது.

"தாராளமா நிப்பாட்டுங்க. நான் பொறுப்பு" என்றான், அவளுக்குச் சளைக்காமல்.

தூரத்தில் யோகேந்திரன் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

சில நாட்கள் கழித்து அதே வேன் ரிவர்ஸ்டன் மலைப் பக்கமிருந்து வந்து நின்றது. கணவன் அவளைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தான்.

"டொக்டர், ஊசிய நிப்பாட்டினதிலேருந்து ஒரே வாந்தி. இப்ப கண்ணத் தொறக்கிறா இல்ல. உங்கள நம்பித்தானே கொண்டாந்தேன், ஏதாவது செய்ங்க!"

இப்படியொரு காட்சியை யாரும் சொல்லித் தரவில்லையே! சசி குழம்பினான். அவள் மூச்சு வாங்கிய விதத்தைப் பார்த்து, பிணமாகப் படுத்துப் பழகியவனுக்கே உடம்பு சிலிர்த்தது. ஆனாலும் வேஷத்தை விடக் கூடாது.

"பயப்படாதீங்க. மருந்து வேலை செய்யுது" என்றான்.

வேன் டிரைவர்தான் ஆம்புலன்ஸுக்குப் போன் அடித்தார். அது வந்து, அவளை ஏற்றிக்கொண்டு, அலறியபடி கேட்டைத் தாண்டியது. சசி டைரக்டரைத் தேடி ஓடினான்.

"சேர், கட் சொல்லுங்க! கட் சொல்லுங்க சேர்!"

யோகேந்திரன் அவசர அவசரமாகச் சாற்றுக் கடையைப் பூட்டிக்கொண்டிருந்தார்.

சசி ஓடிப்போய் மிளகுக் கொடிகளை ஒவ்வொன்றாகப் பிய்த்துப் பார்த்தான். மிளகைத் தவிர அங்கே ஒன்றும் இல்லை.