இடதுபக்கக் கீழ் ஈறு

கொஞ்ச நாளாக இடதுபக்கக் கீழ் ஈறு நமநமவென்று அரிக்கிறது என்று தையல்காரி பல் டாக்டரிடம் சொன்னாள். அந்தப் பக்கத்துக் கடைவாய்ப் பற்களைப் பிடுங்கி வருஷக்கணக்காகிறது.

“அண்ணிக்கு மறுபடி பால்பல்லு முளைக்குது போல,” என்று துணைக்கு வந்த நாத்தனார் சிரித்தாள்.

டாக்டர் ஈறை அழுத்திப் பார்த்தார். வீக்கமில்லை, புண்ணுமில்லை. எக்ஸ்ரேயிலும் ஒன்றும் தெரியவில்லை. பல்செட்டுக்கு அளவெடுத்துவிடலாம் என்று மெழுகைக் கொடுத்துக் கடிக்கச் சொன்னார். மெழுகின் மேல்பக்கம் மேல்வரிசைப் பற்கள் பதிந்திருந்தன. அடிப்பக்கத்தில் வெறும் ஈறு பட்ட இடம் வழவழவென்று இருந்திருக்க வேண்டும். அங்கே பொடிப்பொடியாகப் பல் தடம் இருந்தது.

“அசைஞ்சுட்டீங்க,” என்று வேறொரு மெழுகு கொடுத்தார். அதிலும் இருந்தது. இரண்டையும் குப்பைக்கூடையில் போட்டார்.

“உப்புத்தண்ணியில கொப்புளிங்க. நூலை வாயால கடிக்கிறத மட்டும் விட்டுடுங்க.”

சாயங்காலம் அரைகுறையாக நின்ற ரவிக்கையை எடுத்தாள். ஊசியில் கோக்க மிஷின் மேலிருந்த கண்டிலிருந்து நூலை இழுத்தவள், பழக்கதோஷத்தில் இடதுபக்கம் வைத்துக் கடித்தாள். நூல் அறுபடவில்லை. வெளியே இழுத்தாள், வரவில்லை.

“வாயத் திறங்க அண்ணி.”

திறந்தாள். நாத்தனார் குனிந்து பார்த்தாள். ஈறுதான் இருந்தது, ஈரமாக, சிவப்பாக. நூல் அதன்மேல் போய் நின்றது.

இருவரும் நூலிலிருந்து கையை எடுத்தார்கள். தையல்காரி வாயை மூடவில்லை. மிஷின் மேலிருந்த நூல்கண்டு மெதுவாகச் சுற்ற ஆரம்பித்தது.