பெட்டியின் முதுகில் ஒரு கை

பெட்டியை வாங்க வந்தவள் சுவிட்சைத் தொடவில்லை. நேராகப் பின்பக்கம் போய், குனிந்து, ஆம்ப்ளிஃபயரின் முதுகில் கை வைத்தாள்.

வாத்தியார் திருடனுக்குத் தேள் கொட்டியது போல நின்றார்.

பெட்டி இன்னும் சூடாக இருந்தது.

வால்வு என்ற கண்ணாடிக் குழல்கள் சூடேறி இயங்கும் பழைய ஆம்ப்ளிஃபயர். கிட்டாரைச் செருகி மீட்டினால், சும்மா சொல்லக்கூடாது, தேன். ஆனால் ஆறிக்கிடக்கும் பெட்டியைப் போட்டால் மட்டும் கொஞ்ச நேரத்துக்கு எண்ணெய்ச் சட்டியில் தண்ணீர் தெறித்தது போலப் படபடவென்று வெடிக்கும். சூடேறியதும் அடங்கிவிடும். வாத்தியார் வால்வுகளை மாற்றிப் பார்த்தார். அவை உட்காரும் சாக்கெட்டுகளைத் துடைத்துப் பார்த்தார். மெக்கானிக்குகளிடம் காட்டினார். ஒருவருக்கும் காரணம் பிடிபடவில்லை. இனி இதோடு மாரடிக்க முடியாது, விற்றுவிடலாம் என்று முடிவு செய்தார்.

அதனால்தான் இன்று காலையிலேயே போட்டுச் சூடேற்றி வைத்திருந்தார். தெருமுனைக்கு வந்துவிட்டேன் என்று அவள் போன் செய்ததும் அணைத்துவிட்டு, தொட்டால் சூடு தெரியாமல் இருக்க டேபிள் ஃபேனைப் பெட்டியின் பின்பக்கம் திருப்பி வைத்தார். பெட்டிக்கு எதற்கு விசிறி என்று மனைவி கேட்டதற்கு, தூசி என்றார்.

வால்வுகள் சீக்கிரம் ஆறிவிட்டன. பக்கத்தில் இருக்கும் கனத்த டிரான்ஸ்ஃபார்மர் ஆறவில்லை. வருடா வருடம் எட்டாம் வகுப்புக்கு வெப்பப் பாடம் எடுக்கிற மனிதருக்கு இது தோன்றவில்லை.

அவள் கையை எடுக்காமலே நிமிர்ந்தாள்.

“விக்க மனசு வரல, இல்ல சார்? நான் வர்ற வரைக்கும் வாசிச்சுட்டு இருந்திருக்கீங்க.”

அவள் கண் கலங்கியிருந்தது.

வாத்தியார் தலையாட்டினார். வெட்கம் காது வரை ஏறியது. வாய் திறந்து ஒரு பொய்கூடச் சொல்லவில்லை, தலையைத்தான் ஆட்டினார். அதுதான் இன்னும் கேவலமாக இருந்தது.

பிறகு அவள் சுவிட்சைப் போட்டாள். வால்வுகள் மெல்லச் சிவந்தன. கையோடு கொண்டுவந்த பென்சிலால் ஒவ்வொன்றையும் லேசாகத் தட்டிக் காது கொடுத்தாள். கெட்டுப்போன வால்வு என்றால் ஸ்பீக்கரில் மணி அடிப்பது போலக் கேட்கும். ஒன்றும் கேட்கவில்லை. குமிழ்களைத் திருகினாள், கரகரப்பு இல்லை. தன் கிட்டாரைச் செருகி வாசித்தாள். பெட்டி பாடியது. நல்ல பிள்ளை மாதிரி.

பெட்டியை அணைத்துவிட்டு, எடுத்துக்கொள்கிறேன் என்றாள்.

வாசலில் பள்ளம் காத்திருந்தான். வாத்தியாருடைய மனைவியின் தம்பி, சொந்தமாக லோடு வேன் ஓட்டுகிறவன். பள்ளம் என்பது வாத்தியார் வைத்த பெயர்.

இந்தப் பெட்டியை வாங்கிய அன்று வீட்டுக்கு ஏற்றி வந்தது அவனுடைய வேன்தான். மறுநாள் போட்டபோதுதான் அந்த வெடிச்சத்தம் முதன்முதலாகக் கேட்டது. வழியில் ஏதோ பள்ளத்தில் இறக்கிவிட்டான், உள்ளே எதுவோ விட்டுப்போயிற்று என்று வாத்தியார் தீர்ப்புச் சொல்லிவிட்டார். கைக்குழந்தையைக் கொண்டுவருவது போல ஓட்டி வந்தேன் என்று அவன் அடித்துச் சொன்னான். யார் கேட்டார்கள்? வீட்டுப் பிள்ளைகளுக்குப் பெயர் பிடித்துப்போயிற்று. அவன் கல்யாணத்தில் மேடையேறிப் பெண் வீட்டாரிடமும் வாத்தியார் அந்தப் பெயரைச் சொல்லித்தான் அறிமுகம் செய்தார். எல்லாரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். வாத்தியார் வீடு மாறியபோது வேறு ஒருவருடைய வண்டியைப் பிடித்தார். பள்ளம் வந்து சாமான்களைத் தூக்கி அந்த வண்டியில் ஏற்றிக் கொடுத்துவிட்டுப் போனான்.

இன்று அக்காள் கூப்பிட்டாள் என்று வந்திருக்கிறான். கையில் இரண்டு மெத்தைகள்.

“மேடம், ஏத்துறதுக்கு முன்னாடியே நல்லாக் கேட்டுக்கங்க. அப்புறம் வண்டியிலதான் போச்சுன்னு என் தலையில போட்டுடக் கூடாது.”

நன்றாகக் கேட்டாயிற்று என்று அவள் சிரித்தாள்.

இந்த இடத்தில் வாத்தியார்தான் வழக்கமாக முதலில் சிரிப்பார். இன்று வாய் ஒட்டிக்கொண்டது. இரவெல்லாம் ஆறிக் கிடந்துவிட்டு நாளைக் காலை அவள் வீட்டில் பெட்டி வெடிக்கும். அவளும் வண்டியைத்தான் நினைப்பாள்.

அவளும்.

பெட்டியை வாங்கிய கதையை வாத்தியார் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறார். விற்றவர் ஹோட்டல் இசைக்குழுவில் வாசித்து ஓய்ந்த கிழவர். வாத்தியார் போய் ஆசையோடு பெட்டியின் முதுகைத் தடவியபோது அது சூடாக இருந்தது. பிரிய மனசு வரலையா ஐயா என்று கேட்டார். கிழவர் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். கலைஞன் என்றால் அப்படி இருக்க வேண்டும் என்று சொல்லித்தான் வாத்தியார் ஒவ்வொரு முறையும் கதையை முடிப்பார்.

இப்போது அவரும் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

பள்ளம் வேனில் மெத்தைகளை விரித்துவிட்டு உள்ளே வந்தான். பெட்டியைக் கட்டிப்பிடித்துத் தூக்கக் குனிந்தான்.

வாத்தியார் ஃபேனை மறுபடியும் பெட்டியின் பக்கம் திருப்பினார். ஆறட்டும். முழுக்க ஆறிய பிறகு அவளே போட்டுக் கேட்கட்டும், இவனும் பக்கத்தில் நின்று கேட்கட்டும். முதலில் இவனை நிறுத்த வேண்டும்.

அவனைப் பெற்றவர்கள் அவனுக்கு வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்.

வேறு யாரையோ கூப்பிடுகிறார் என்று நினைத்து அவன் நிமிரவே இல்லை.