மேக்ரோவுக்குப் பேர் வைத்தவர்

பாட்டில் மூடும் இயந்திரம் அலறிவிட்டு நின்றது. இரண்டு பேர் ஓடிப்போய், அதற்குப் புரோகிராம் எழுதிய சீனியரை இழுத்துவந்தார்கள். அவர் ஒரே நிமிடத்தில் அதை ஓடவைத்துவிட்டு, ஜூனியர் பெண்ணைப் பார்த்துச் சிரித்தார்.

"உங்க புரோகிராமை நானும் திறந்து பார்த்தேன் சார். ஒவ்வொரு வேலைக்கும் எழுதின கட்டளைத் தொகுப்புக்கு, அந்த மேக்ரோவுக்கெல்லாம் எக்ஸ் செவன், க்யூ நைன்னு பேர் வெச்சிருக்கீங்க. எது மோட்டாரை நிறுத்தும், எது மூடியை இறுக்கும்னு யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும்ல, போதும்! ஆள்குறைப்பு வரப்போகுதாம். நீ உன் மெஷின்ல 'மோட்டாரை நிறுத்து', 'மூடியை இறுக்கு'ன்னு பச்சையா பேர் வெச்சிருக்கே. உன்னை யாரும்மா தேடுவாங்க?"

மறுவாரமே மேனேஜர் இருவரையும் அழைத்து, அவளிடம் ஒரு கவரை நீட்டினார்.

"இன்னியோட இங்கே உங்க வேலை முடிஞ்சுதும்மா."

சீனியருக்கு உச்சி குளிர்ந்தது. "நான் அன்னிக்கே படிச்சுப் படிச்சுச் சொன்னேன் சார், கேட்டாத்தானே!"

அவள் கவரைப் பிரித்தாள். தலைமை அலுவலகத்தில் பிரிவுத் தலைவர் பதவி, இரட்டிப்புச் சம்பளம்.

சீனியரின் முகம் சுண்டிப்போனது. "பத்து வருஷமா அந்தப் பதவிக்கு நான் காத்திருக்கேனே சார்!"

"முதல்ல உங்க பேரைத்தான் எழுதினோம். ஆனா உங்க புரோகிராமைப் படிச்சுப் புரிஞ்சுக்க இங்கே வேற ஆளே இல்லையே சார்!"